நான்கு மெஷின், ஒரே ஷிஃப்ட்: டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வந்த நர்ஸுக்கு

கேள்வி: ஜி.என்.எம். முடித்து இரண்டு வருடம் ஜெனரல் வார்டில் இருந்தேன். ஆறு வாரத்துக்கு முன் காரைக்குடியில் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டரில் சேர்ந்தேன். பத்து மெஷின், மூன்று ஷிஃப்ட். முதல் இரண்டு வாரம் சீனியர் அக்கா கூடவே இருந்தார். இப்போது நான்கு மெஷினை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். ஒரு ஷிஃப்ட் இறங்கி அடுத்தது ஏறும் நேரத்தில் கை கால் ஓடவில்லை. அலாரம் அடித்தால் பதறிப்போய் ரீசெட்டை அமுக்கிவிடுகிறேன். ஒரு ஆச்சி, "இந்தப் பிள்ளை வேண்டாம், பழைய சிஸ்டரையே ஊசி போடச் சொல்லுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அரை மணியில் முடிப்பது எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தூக்கத்திலும் அலாரம் கேட்கிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறாவது வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். வார்டிலிருந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஒரு ஷிஃப்டைத் தனியாகச் சமாளிக்கும் தைரியம் வர ஆறு மாதம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் மெதுவாகச் செய்வது எனக்குக் கவலை தரவில்லை. கவலை தந்தவை இரண்டு: இரண்டு வாரப் பயிற்சியோடு நான்கு மெஷினைக் கொடுத்தது, பார்க்காமல் ரீசெட் அமுக்குவது. முதலாவதை உங்கள் இன்சார்ஜ் சரி செய்ய வேண்டும். இரண்டாவதை நீங்கள் நாளைக்கே நிறுத்தலாம்.

வார்டில் வேலை நாள் முழுக்கப் பரவிக் கிடக்கும். இங்கே நான்கு மணி நேர சிகிச்சையில் பெரும்பகுதி வேலை முதல் அரை மணியிலும் கடைசி அரை மணியிலும் குவிந்துவிடுகிறது. நான்கு பேரையும் ஆறு மணிக்கே ஏற்றினால் நான்கு பேரும் பத்து மணிக்கே இறங்குவார்கள். அந்த நெரிசலை எவ்வளவு வேகமான கையாலும் தாண்ட முடியாது. ஆகவே ஏற்றும் நேரத்தைப் பிரித்துவிடுங்கள்: ஆறு, ஆறேகால், ஆறரை, ஆறே முக்கால். தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கத்து ஆட்கள் முதல் பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கி, "நான்தான் முதலில் வந்தேன்" என்பார்கள். வரிசையை நீங்கள் முந்தின தடவையே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு பாதி குறையும்.

யாரை முதலில் ஏற்றுவது? பிபி இறங்கும் பழக்கமுள்ளவரை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சிரமமான ஆளைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பிபி பெரும்பாலும் பின்பாதியில், அதிலும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் விழும். அவரை முதலில் ஏற்றியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மற்ற மூவரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், உங்கள் கை சும்மா இருக்கும். கடைசியில் ஏற்றினால், நீங்கள் பக்கத்துப் படுக்கையில் ஊசி எடுத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது அவர் மயங்குவார்.

அடுத்தது, ஷிஃப்ட் மாறும் நேரத்தின் கணக்கு. ரத்தத்தைத் திருப்பி ஏற்ற, பம்ப் வேகத்தைக் குறைத்து 200 முதல் 300 மி.லி. சலைனோடு, ஐந்து முதல் பத்து நிமிடம். ஊசி எடுத்து அழுத்த ஒவ்வொரு துளைக்கும் பத்து நிமிடம். நடுவில் எடுத்து எட்டிப்பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. உட்கார்ந்தும் நின்றும் பிபி, பிறகு எடை. ரத்தம் ஓடும் குழாயான லைனைக் கழற்றி, மெஷினின் வெளிப்புறம், நாற்காலி, மேசை, பிபி கஃப் எல்லாவற்றையும் துடைப்பது. உள்ளே கிருமிநீக்க சைக்கிள் மெஷினைப் பொறுத்து அரை மணி வரை போகும். பிறகு புது செட்டை மாட்டிப் பிரைம் செய்ய, அதாவது சலைன் ஓட்டிக் காற்றை வெளியேற்ற, பதினைந்து இருபது நிமிடம். இவற்றில் சில ஒன்றோடொன்று சேர்ந்து நடக்கும் என்றாலும், ஒரு மெஷினுக்கு 45 நிமிடத்துக்குக் குறைவாக ஒழுங்காக முடியாது. "அரை மணியில் முடிக்கிறவர்கள்" எதையோ விட்டுவிட்டுத்தான் முடிக்கிறார்கள். பெரும்பாலும் விடுபடுவது துடைப்பது. ஆள் நாற்காலியில் இருக்கும்போதே ஒரு பக்கம் துடைத்துவிட்டு, அடுத்தவரின் டயாலைசரை (ரத்தத்தை வடிகட்டும் உருளை) கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஆள் எழுந்து போன பிறகுதான் துடைக்க வேண்டும், அது காய்ந்த பிறகுதான் அடுத்தவரின் பொருள் அங்கே வரலாம். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தக் கறையில் குறைந்தது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். ரத்தம் சிந்திய இடத்தில் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

நேரத்தை உண்மையில் மிச்சம் பிடிக்கும் இடம் நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம். எட்டு மணிக்கு எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஷிஃப்டின் சார்ட்டை எடுத்துப் போன தடவை இறங்கிய எடை, டிரை வெயிட் (கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை), ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு, சிக்கல் ஏதாவது வந்ததா என்று ஆளுக்கு ஒரு வரியாகச் சின்னத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) ஊசி, லைன், சலைன், பிளாஸ்திரி, பஞ்சு எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு தட்டாகச் சுத்தமான இடத்தில் எடுத்து வையுங்கள். ஒரே டிராலியைப் படுக்கை படுக்கையாக உருட்டிக்கொண்டு போவது வேகம் மாதிரித் தெரியும். கிருமியும் அதே டிராலியில்தான் போகிறது.

இனி, எவ்வளவு நெருக்கினாலும் மெதுவாகவே செய்ய வேண்டியவை.

எடைதான் முதலில். சுருக்குப் பை, செல்போன், செருப்பு, ஈரத் துண்டு எல்லாம் சேர்ந்தால் அரை கிலோ சுலபமாக வந்துவிடும். அந்த அரை கிலோவை நீங்கள் ரத்தத்திலிருந்து அரை லிட்டராக எடுப்பீர்கள். கடைசி அரை மணியில் கெண்டைக்கால் இழுக்கும், பிபி விழும், நீங்கள் காரணம் தேடுவீர்கள். எடை மெஷினில் ஆள் ஏறும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள், "எவ்வளவு இருக்கு?" என்று தூரத்திலிருந்து கேட்டு எழுதாதீர்கள். கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். டிரை வெயிட் 52 கிலோ, வந்த எடை 54.4. எடுக்க வேண்டியது 2.4 லிட்டர். முடிவில் திருப்பி ஏற்றும் சலைன் 300 மி.லி., நடுவில் குடிக்கும் டீயும் தண்ணீரும் 200 மி.லி., ஆக 2.9 லிட்டர். நான்கு மணிக்கு வகுத்தால் மணிக்கு 725 மி.லி.; 52 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 14 மி.லி. மணிக்குக் கிலோவுக்கு 13 மி.லி. தாண்டினால் இதயத்துக்குச் சுமை. இதே ஆளை நாலரை மணி நேரம் ஓட்டினால் 12.4-க்கு வந்துவிடும். நேரத்தைக் கூட்டுவதா, கொஞ்சத்தை அடுத்த தடவைக்கு விடுவதா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. எண்ணைக் கணக்குப் போட்டு அவர் முன்னால் வைப்பது உங்கள் வேலை.

ஹெப்பாரின். 5 மி.லி. வயலில் 5,000 யூனிட்டும் கிடைக்கும், 25,000 யூனிட்டும் கிடைக்கும். அளவு ஒன்று, தோற்றமும் ஏறக்குறைய ஒன்று, வீரியம் ஐந்து மடங்கு. ஸ்டோரிலிருந்து புதுப் பெட்டி வரும் நாள்தான் ஆபத்தான நாள். ஒவ்வொரு தடவையும் "ஒரு மி.லி.யில் எத்தனை யூனிட்" என்பதை வாயால் படித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். ஃபிஸ்டுலா ஆட்களுக்கு முடிவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஹெப்பாரினை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். மறந்தால் அழுத்தும் நேரம் இருபது நிமிடமாகும், அடுத்த ஷிஃப்ட் தள்ளிப்போகும். அவசரத்தில் விட்ட வேலை இப்படித்தான் நேரத்தைத் தின்னும்.

உங்கள் சென்டரில் டயாலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்றால் பெயரை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் நீங்கள், இன்னொருவர் டெக்னீசியன் அல்லது நோயாளியே. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் சகஜம். எத்தனை சொக்கலிங்கம், எத்தனை மீனாட்சி! பதிவு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பிரைம் செய்து முடித்ததும் கிருமிநாசினி மிச்சம் இருக்கிறதா என்று ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்காமல் ஆளோடு இணைக்காதீர்கள். பார்த்த பிறகு நேரம் கடந்து ஆள் தாமதமாக வந்தால் மறுபடி பாருங்கள், டயாலைசரின் நாரில் தங்கிய கிருமிநாசினி மெல்ல வெளியே வரும்.

கண்டக்டிவிட்டி (டயாலிசிஸ் திரவத்தின் உப்புச் செறிவைக் காட்டும் எண்) 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில், வெப்பம் 36-க்கும் 37-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்தத் திரவத்துக்கான ஏ கேனும் பி கேனும் மாறினாலும் குழாய் காற்றை உறிஞ்சினாலும் முதலில் சொல்வது அந்த எண்தான்.

ஆச்சியின் பேச்சுக்கு வருகிறேன். வருடக்கணக்கில் வாரம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு ஊசி வாங்குகிற கை அது. ஒரு தடவை வீங்கினால் மூன்று நாள் வலிக்கும். ஃபிஸ்டுலா கெட்டால் மறுபடி ஆபரேஷன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. "சரி ஆச்சி, இன்னிக்கு அவங்களே போடட்டும், நான் கூட நின்னு உங்க கையைப் பழகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே நின்று பாருங்கள். ஊசி போடாத நாளிலும் அவர் கையைத் தொட்டு அதிர்வு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கே வளைகிறது என்று விரலால் படிக்கலாம். ஸ்டெதாஸ்கோப் வைத்து ஓசையைக் கேட்கலாம். நாலைந்து தடவை இப்படிச் செய்தால், ஒரு நாள் அவரே கையை நீட்டினாலும் நீட்டுவார்.

போடும்போது: ரத்தம் எடுக்கும் ஊசி, ஃபிஸ்டுலாவுக்குத் தையல் போட்ட இணைப்பிலிருந்து குறைந்தது 3 செ.மீ. தள்ளி. இரண்டு ஊசி முனைக்கும் நடுவே 5 செ.மீ. இருந்தால் சுத்தமான ரத்தமே சுற்றிச் சுற்றி வராது. சாய்வு சுமார் 25 டிகிரி. திருப்பி அனுப்பும் ஊசி எப்போதும் ரத்தம் ஓடும் திசையில். பொவிடோன் தடவியதும் குத்துவது அவசரத்தில் எல்லாரும் செய்கிற தவறு. அது வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் என்றால் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். "இங்கேயே குத்துங்க, இங்கதான் வலிக்காது" என்று நோயாளியே பழைய தழும்பைக் காட்டுவார். மரத்துப்போன இடம் அது, அதனால்தான் வலிக்கவில்லை. அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் ரத்தக்குழாய் பலூன் மாதிரிப் புடைக்கும். ஏணிப்படி போலக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றுங்கள்.

ஒரு தடவை தவறினால் இரண்டாவது தடவை சீனியர் போடட்டும். இதை உங்களுக்கு நீங்களே சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம். புதிதாகப் போட்ட ஃபிஸ்டுலாவில் முதல் சில தடவைகள் மெல்லிய 17 கேஜ் ஊசியும் குறைந்த பம்ப் வேகமுமாகப் போகும். இங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை அதை நீங்கள் தொடவே வேண்டாம். ஊசி எடுக்கும்போது முழுக்க வெளியே வந்த பிறகு அழுத்துங்கள். உள்ளே இருக்கும்போதே அழுத்தினால் ஊசியின் கூர் குழாயைக் கிழிக்கும்.

அலாரம். அது அடித்தவுடன் கண் திரைக்குப் போகிறது, கை ரீசெட்டுக்குப் போகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஆளின் முகம், அடுத்து ஊசி போட்ட கை, அங்கிருந்து லைனைப் பிடித்தபடி மெஷின் வரை, கடைசியில் திரை. பத்து விநாடி போதும். பல மெஷின்களில் ரீசெட் அமுக்கியதும் அந்த நேரத்து அழுத்தத்தையே நடுவாக வைத்துக்கொண்டு எல்லையைப் புதிதாக வரைந்துகொள்ளும். வீனஸ் ஊசி (ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் ஊசி) கழன்று, அழுத்தம் குறைந்து, அலாரம் அடித்து, நீங்கள் ரீசெட் செய்தால், குறைந்த அழுத்தமே இனி சரியான அழுத்தம் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். பம்ப் நிமிடத்துக்கு 300 மி.லி. ஓடுகிறது, ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் ரத்தம் போர்வைக்கடியில் போய்விடும். ஏசி குளிருக்கு ஆச்சிகள் முழுக்கப் போர்த்திக்கொள்வார்கள். ஊசி போட்ட கை மட்டும் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

வீனஸ் அழுத்தம் ஏறினால் லைன் மடிந்திருக்கும், ஊசி குழாய்ச் சுவரில் முட்டியிருக்கும், அல்லது லைனில் உள்ள சொட்டு அறையில் ரத்தம் உறைய ஆரம்பித்திருக்கும். இறங்கினால் ஊசியோ இணைப்போ கழன்றிருக்கிறதா என்றுதான் முதல் சந்தேகம். ஆர்ட்டீரியல் (ரத்தம் எடுக்கும் பக்க) அழுத்தம் மைனஸ் 200-ஐத் தாண்டிக் கீழே போனால் கை மடங்கியிருக்கிறதா, ஊசி சுவரை உறிஞ்சுகிறதா, பிபி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று அலாரத்துக்குக் காரணம் தெரியும்வரை கிளாம்ப்பைத் திறக்கக் கூடாது. இரண்டு படுக்கையில் ஒன்றாக அடித்தால் பேசிக்கொண்டிருப்பவர் காத்திருக்கலாம். சத்தமில்லாமல் கண்ணை மூடிக் கிடப்பவரிடம் முதலில் போங்கள். பிபி விழும் முன் அவர்கள் கொட்டாவி விடுவார்கள், வியர்க்கும், திடீரென்று பேச்சு நிற்கும். உடனே நீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, 100 முதல் 200 மி.லி. சலைன் கொடுத்து, பிபி பார்த்து, டாக்டரைக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்காரர் என்றால் குளுக்கோமீட்டரும் கையோடு வரட்டும். நெஞ்சு வலி என்று சொன்னால் அதைப் பிபி கணக்கில் சேர்த்து விட்டுவிடாதீர்கள்.

இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், வாந்தி என்றால் படுக்கையை விட்டுத் தண்ணீரை நினையுங்கள். தண்ணீரில் குளோரினை நீக்கும் கார்பன் தொட்டி ஓய்ந்து குளோரின் தாண்டி வந்திருக்கலாம், ரத்த அணுக்கள் உடையும். லைனில் ரத்தம் தெளிந்த திராட்சைச் சாறு நிறத்துக்கு மாறினால் பம்ப்பை நிறுத்திக் கிளாம்ப் போடுங்கள். அந்த ரத்தத்தைத் திருப்பி ஏற்றக் கூடாது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் ஆர்ஓ கால் மணி நேரம் ஓடிய பிறகு மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மி.கி.க்குக் கீழே என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டெக்னீசியன் வேலைதான், ஆனாலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் யாரையும் ஏற்றாதீர்கள். கோடையில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் இடங்களில் கடினத்தன்மையையும் பார்க்க வேண்டும். கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரில் உப்புத் தீர்ந்தால் ஆர்ஓ மெம்பிரேன் படிப்படியாகக் கெடும். கால்சியம் தாண்டி வந்தால் பிபி ஏறும், குமட்டும், உடம்பு எரியும். கரண்ட் போனால் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், பம்ப்பைக் கையால் சுற்றும் கைப்பிடி எங்கே மாட்டியிருக்கிறது, எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதை வெறும் சலைன் ஓடும் லைனில் ஒரு நாள் செய்து பாருங்கள்.

நெரிசல் நாட்களை முன்பே கணிக்கலாம். ஞாயிறு விடுமுறை தாண்டி வரும் திங்களும் செவ்வாயும் எடை கூடுதலாக இருக்கும், பொட்டாசியமும் கூடியிருக்கும். முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா, பிள்ளையார்பட்டி சதுர்த்தி, முகூர்த்த நாட்கள் ஆகியவற்றுக்கு மறுநாளும் அப்படித்தான். பந்தலில் இளநீர், வீட்டில் உப்புக்கண்டம், வத்தல், ஊறுகாய். "தண்ணீரைக் குறைங்க" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. உப்பு உள்ளே போனால் தாகம் கேட்கத்தான் செய்யும். உப்பைப் பற்றிப் பேசுங்கள். "கால் தூக்க முடியலை, கனக்குது" என்று யாராவது சொன்னால் வரிசையைப் பார்க்காதீர்கள். பொட்டாசியமாக இருக்கலாம், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

இன்சார்ஜிடம் "என்னால் முடியவில்லை" என்று போய் நிற்காமல் எழுதிக் கொண்டுபோங்கள்: அடுத்த நான்கு வாரம் இரண்டு மெஷின், அதன்பின் நான்கு வாரம் மூன்று, பிறகு நான்கு; ஏற்றும் நேரம் கால் மணி இடைவெளியில்; ஷிஃப்ட் மாறும்போது ஒரு சீனியர் பக்கத்தில். மூன்றும் காசு செலவில்லாதவை. மூன்றையும் மறுத்து, "துடைக்காமலே ஏற்று" என்றும் சொன்னால் அப்போது வேறு இடம் தேடுங்கள். கற்ற வேலை எங்கேயும் போகாது. தூக்கத்தில் அலாரம் கேட்பது சில வாரத்தில் தானே குறையும். குறையாமல் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமே கெட்டால் டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சேரும்போது உங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்றும் போட்டார்களா? போட்டிருந்தால் கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்தார்களா? ஒரு மி.லி.க்கு 10 மில்லி யூனிட்டாவது (mIU/mL) இருக்க வேண்டும். அவசரத்தில் ஊசி கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி 10-க்குக் கீழே என்று வந்தால் இன்னொரு சுற்றுத் தடுப்பூசி கேளுங்கள். அதுவரை ஹெபடைடிஸ் பி மெஷினில் உங்களைப் போட வேண்டாம் என்று இன்சார்ஜுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.